தேறாத மாதிரிகள்

நான் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்த காலத்தில் நிலக்கரியிடம் கேட்பதற்கு எங்களிடம் நான்கு கேள்விகள்தான் இருந்தன: ஈரப்பதம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, ஆவியாகும் பொருள் எவ்வளவு, கலோரி மதிப்பு எவ்வளவு. நான்குமே எரிக்கப் போகிறவர் கேட்கும் கேள்விகள். எட்டு ஆண்டுகள் அவற்றையே அளந்தேன். சூடு குறைந்த மாதிரி வந்தால் பதிவேட்டில் "தேறாது" என்று எழுதி, புட்டியை மூடி அலமாரியில் வைத்துவிடுவேன்.

பிறகு எரிபொருள் அல்லாத பயன்பாடுகளை ஆராயும் பிரிவுக்கு மாற்றினார்கள். பழுப்பு நிலக்கரியிலிருந்து, நீரைச் சுத்திகரிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் செய்வது முதல் வேலை. கரியைக் காற்றுப் படாமல் சுட்டு, ஆவியாகும் பொருளை விரட்டிவிட்டு, 800 முதல் 900 டிகிரி சூட்டில் நீராவியைச் செலுத்த வேண்டும். நீராவி கார்பனைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு உள்ளே போகும். அரித்த இடமெல்லாம் நுண்துளை. நன்றாக அமைந்தால் ஒரு கிராம் தூளுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும்.

சோதித்துப் பார்க்க மெத்திலீன் நீலக் கரைசல் வைத்திருந்தோம். குடுவையில் பேனா மைபோல நிற்கும். கரித்தூளைப் போட்டுக் குலுக்கி வடிதாளில் ஊற்றினேன். அடியில் சொட்டிய நீரில் நிறமே இல்லை. அன்று பக்கத்து அறையில் இருந்தவர்களையெல்லாம் அழைத்துக் காட்டினேன்.

அடுத்த பேட்ச் அதே சுரங்கம், அதே சூடு, அதே நேரம். உலையிலிருந்து வெளிவந்த கரி எடையில் குறைந்திருந்தது; வடிநீரிலும் நீலம் அப்படியே நின்றது. வெப்பமானியை மாற்றினோம், நீராவி அளவைத் திருத்தினோம், மூன்று வாரம் போனது. எங்கள் மூத்த வேதியியலாளர் என் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "தம்பி, சாம்பல் எவ்வளவு என்று பார்த்திருக்கிறாய். சாம்பலில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா?"

கால்சியம் இருந்தது. பழுப்பு நிலக்கரியில் கால்சியம் கரிமப் பொருளோடு பிணைந்து நுணுக்கமாகப் பரவியிருக்கும். நீராவி கார்பனை அரிக்கும் வேகத்தை அது பல மடங்கு கூட்டிவிடும். எங்கள் இரண்டாவது பேட்ச்சில் துளைகளுக்கு இடையே இருந்த சுவர்களும் சேர்ந்து கரைந்துபோயிருந்தன. நீர்த்த அமிலத்தில் கழுவிவிட்டுச் சுட்டபோது பழைய தெளிவு திரும்பியது. பாய்லருக்குச் சராசரி போதும். இன்றைக்குச் சற்று மட்டமான கரி வந்தாலும் கூடுதலாகப் போட்டு எரித்துவிடலாம். பொருளாக விற்கும்போது ஒவ்வொரு மூட்டையும் முந்தைய மூட்டையைப்போலவே இருந்தாக வேண்டும். இந்தத் துறையின் பாதி உழைப்பு அதற்கே போகிறது.

பிட்ச்சோடு வேலை செய்தபோதும் இதையே வேறு விதத்தில் பார்த்தேன். நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டுக் கல்கரியாக்கும் (கோக்) உலையில் வரும் தாரைக் காய்ச்சி வடித்தால் மிஞ்சுவது பிட்ச். 1856இல் 18 வயது வில்லியம் பெர்கின் கொய்னா செய்ய முயன்று ஊதாச் சாயத்தைக் கண்டதும் தாரிலிருந்து கிடைத்த அனிலீனில்தான். பிட்ச்சைச் சூடேற்றியபடியே முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கி வழியே பார்த்தால், 400 டிகிரியைத் தாண்டியதும் இருட்டில் சிறு உருண்டைகள் முளைக்கும், வளரும், ஒன்றையொன்று தொட்டதும் இணைந்துவிடும். கிராஃபைட்டுக்கு வேண்டிய ஒழுங்கு அங்கேதான் தொடங்குகிறது. பிட்ச்சில் கரையாத நுண்துகள்கள் இருந்தால் உருண்டைகள் பெரிதாக வளர மாட்டா. கார்பன் இழை இழுக்கும்போது அறுந்துவிடும். அலுமினிய உருக்காலையின் கார்பன் மின்முனைக்குப் பிணைப்பாகும் பிட்ச்சிலோ அதே துகள்கள் ஓரளவு இருக்கத்தான் வேண்டும். ஓரிடத்தில் அழுக்கு, இன்னோரிடத்தில் தேவை.

பிட்ச்சைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் தூசியைப் பற்றியும் எழுத வேண்டும். அது தோலில் படிந்து வெயிலும் பட்டால் தீக்காயம்போல எரியும்; புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் அதில் உண்டு. எங்களோடு அரைத்துச் சலித்த ஊழியர் ஒருவரின் முகமும் கழுத்தும் சிவந்து, இரண்டு நாள் தூங்காமல் தவித்தார். மூடிய அரைப்பான் அதற்குப் பிறகுதான் வந்தது. முன்பே வந்திருக்க வேண்டும்.

இந்தப் பொருள்கள் வந்துவிட்டால் எரிக்கும் கரியெல்லாம் இங்கே திரும்பிவிடும் என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. ஒரு டன் கரியைக் கல்கரியாக்கினால் கிடைக்கும் தார் மூன்று நான்கு சதவீதம்தான். மின்நிலையங்கள் விழுங்கும் அளவுக்கு முன்னால் எங்கள் தேவை மிகச் சிறியது. எதை எரிக்கக் கூடாது என்று பிரித்தெடுத்து வைக்கவாவது வேண்டாமா என்பதுதான் என் கவலை.

சென்ற ஆண்டு அந்தப் பழைய அலமாரியைத் திறந்தேன். என் கையெழுத்தில் "தேறாது" என்றிருந்த ஒரு புட்டி. நிலத்தின் மேலடுக்கில் நெடுங்காலம் காற்றுப்பட்டு, சூடு இழந்த பழுப்பு நிலக்கரி. நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கொஞ்சம் போட்டுக் கலக்கினேன். கரைசல் ஒளி ஊடுருவாத அளவுக்குக் கறுத்தது. வடித்தெடுத்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மண்ணுக்கு இடுவதற்கான ஹியூமிக் அமிலம் பழுப்புத் திட்டுகளாகத் திரண்டு மெல்ல இறங்கியது. பீக்கரில் பாதி உயரத்துக்கு நின்றது.