கடல் கடந்த ஓட்டு

ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் பிலிப்பினோ பெண்களுக்குப் பெரும்பாலும் ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. 2022 ஏப்ரலில், தங்கள் நாட்டு அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட, அந்த ஒரு நாளையும் பலர் கென்னடி டவுன் வாக்குச்சாவடி வரிசையில் நின்றே கழித்தார்கள். வெளிநாட்டிலிருந்தே ஓட்டுப் போட 2003 பிலிப்பைன்ஸ் சட்டம் தந்த உரிமை, சும்மா விடுவார்களா? அதிபர் வேட்பாளர்களில் ரோப்ரெடோவுக்கு ரோஸ் நிறம், மார்கோஸுக்குச் சிவப்பு என்று பிரிந்தவர்கள்தான், சம்பளம், ஏஜென்சி கட்டணம் என்று வந்தால் ஒன்றாகத் தெருவில் இறங்குகிறார்கள். எனக்கு இந்த ஒற்றுமைதான் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு வேடிக்கை: அங்கிருந்து அதிபரையும் செனட்டர்களையும் தேர்ந்தெடுக்கலாம், சொந்த ஊர் மேயரை முடியாது! இவர்கள் அனுப்பும் பணம் போவதென்னவோ அந்த ஊருக்குத்தான். 2025இல் இணையவழி ஓட்டும் வந்துவிட்டது. சரி, வரிசை குறையும். மேயர் ஓட்டு எப்போது?