முன்னுரையோடு ஒரு ஜூலை

ஜூலை 3

இந்த செமஸ்டரில், ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 'லிரிக்கல் பேலட்ஸ்' என்ற கவிதைத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரை என் பங்குக்கு வந்திருக்கிறது. கடைசியாக நடத்தி ஆறு வருஷம் ஆகிவிட்டது. பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்தேன். மூலத்தை முதல் வரியிலிருந்து திரும்ப வாசிக்கப் போகிறேன். தோன்றுவதை அன்றன்றைக்கே இங்கே எழுதிவைக்கிறேன்.

புத்தகத்தின் கதை சுருக்கமாக: 1798-ல் பிரிஸ்டலில் ஜோசப் காட்டில் அச்சடித்த சின்னத் தொகுப்பு, 'லிரிக்கல் பேலட்ஸ்'. அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை. 23 கவிதைகளில் நான்கு வேர்ட்ஸ்வொர்த்தின் நண்பர் கோல்ரிட்ஜ் எழுதியவை, மற்றவை வேர்ட்ஸ்வொர்த்துடையவை. அப்போது கோல்ரிட்ஜுக்கு 25 வயது, வேர்ட்ஸ்வொர்த்துக்கு 28. 1800-ல் வந்த இரண்டாம் பதிப்பு இரண்டு தொகுதிகள். அதில் வேர்ட்ஸ்வொர்த் பெயர் மட்டும்தான் இருந்தது, கூடவே நீளமான முன்னுரை. 1802-ல் அதை இன்னும் நீட்டினார்.

மாணவர்கள் வாங்கும் கைடில் ஒரு வரிதான் தடித்த எழுத்தில் இருக்கிறது: கவிதை என்பது வலிய உணர்ச்சிகள் தானாகப் பொங்கி வழிவது. அதோடு முற்றுப்புள்ளி. மூலத்தில் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. மதிப்புள்ள கவிதை எதுவும் வெறும் பொங்கலில் பிறந்ததில்லை, நெடுநாள் ஆழ்ந்து யோசித்தவனிடமிருந்துதான் வந்திருக்கிறது என்று அதே மூச்சில் சொல்கிறார். கைடுக்காரர் பால் பொங்குவதை மட்டும் காட்டிவிட்டு அடுப்பை விட்டுவிட்டார். எத்தனை வருஷமாகப் பிள்ளைகள் இந்த அரை வாக்கியத்தை எழுதி மார்க் வாங்குகிறார்களோ! எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

ஜூலை 5

இன்று, முந்தைய தலைமுறைக் கவிஞர் தாமஸ் கிரேயைப் பற்றிய பகுதி. 1742 ஜூனில் கிரேயின் நண்பர் ரிச்சர்ட் வெஸ்ட் இறந்துபோனார். அதற்காகக் கிரே எழுதிய 14 வரிப் பாடலை வேர்ட்ஸ்வொர்த் முழுசாக எடுத்து வைத்து, இதில் ஐந்து வரிக்குத்தான் மதிப்பு உண்டு என்கிறார். மிச்சத்தில் காலை சிரிக்கிறது, சிவக்கும் ஃபீபஸ் தன் பொன் நெருப்பை உயர்த்துகிறான், பறவைகள் காதல் கீதம் சேர்ந்து பாடுகின்றன. ஃபீபஸ் என்றால் சூரியன்தான். தேறிய ஐந்து வரி ஏறக்குறைய இப்படி: என் தனிமைத் துயரம் என் நெஞ்சைத் தவிர வேறு நெஞ்சை உருக்கவில்லை, கேட்க முடியாதவனிடம் வீணாகப் புலம்புகிறேன், அழுது பயனில்லை என்பதாலேயே இன்னும் அழுகிறேன்.

அந்த ஐந்து வரியில் ஒரே ஒரு சொல்லைத் தவிர உரைநடைக்கு ஆகாத சொல் இல்லை, எனவே நல்ல உரைநடையின் மொழிக்கும் செய்யுளின் மொழிக்கும் அடிப்படையில் வேறுபாடே கிடையாது என்பது அவர் வாதம்.

முதல் முறை படித்தபோது, நண்பனைப் பறிகொடுத்தவனின் கண்ணீரில் இப்படி அடிக்கோடு போடலாமா என்று கோபம் வந்தது. இப்போது தோன்றுவது வேறு. சாவு வீட்டில் வாய்விட்டு அழ வந்தவரைச் சடங்குப் பேச்சு பேசவைத்துவிட்டார்களே என்ற ஆதங்கம்தான் வேர்ட்ஸ்வொர்த்துக்கு.

அதே பாடலைக் கோல்ரிட்ஜ் 1817-ல் 'பயோகிராபியா லிட்டரேரியா' என்ற தன் விமர்சன நூலில் மறுபடி எடுக்கிறார். ஃபீபஸ் வரி மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது உரைநடையிலிருந்து விலகியதால் மோசமில்லை, சூரியன் என்ற பொருளையும் அதற்குக் கட்டிவிட்ட தெய்வ உருவத்தையும் குழப்புவதால் மோசம் என்கிறார். இந்த இடத்தில் கோல்ரிட்ஜ் பக்கம்தான் நான்.

ஜூலை 8

வகுப்பில் இன்று எதிர்பாராத கேள்வி. எளிய நாட்டுப்புற வாழ்க்கையைத் தான் எடுத்துக்கொண்டதற்கு வேர்ட்ஸ்வொர்த் முன்னுரையில் சொல்லும் காரணங்களை விளக்கிக்கொண்டிருந்தேன். அங்கே மனசின் அடிப்படை உணர்ச்சிகளுக்கு நல்ல மண் கிடைக்கிறது, கட்டுப்பாடு குறைவு, பேச்சு நேரடியானது, தினமும் இயற்கையோடு புழங்குகிறார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் வயல் வேலை செய்யும் வீட்டிலிருந்தும் பீடி சுற்றும் வீட்டிலிருந்தும் வருகிறவர்கள். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மேம், அந்த ஜனங்க பேச்சை எடுத்துக்கிட்டேன்னு சொல்றாரு. அதுல உள்ள குறையை எல்லாம் நீக்கிட்டு எடுத்துக்கிட்டேன்னும் சொல்றாரு. என்ன குறைன்னு எங்கயாவது சொல்லியிருக்காரா?"

சொல்லவில்லை. நிஜமான குறைகளாகத் தெரிகிறவற்றை, வெறுப்புக்கு நியாயமான காரணங்களாக இருப்பவற்றைக் களைந்துவிட்டு என்று ஒரு இடைச்செருகல் மட்டும் போட்டுவிட்டுப் போகிறார். அதைத்தான் அவளிடம் சொன்னேன். "அப்ப அதை யார் தீர்மானிக்கிறது?" என்றாள். மணி அடித்துவிட்டது. ஆனால் கேள்வி என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

ஜூலை 9

அவள் கேட்டதையே கோல்ரிட்ஜ் வேறு முனையிலிருந்து கேட்கிறார், தன் நூலின் 17-ஆம் அத்தியாயத்தில். குறைகளை நீக்கி, இலக்கணத்துக்கு ஒத்துவரும்படி செய்துவிட்டால் அந்தப் பேச்சு விவேகமுள்ள எந்த மனிதனின் பேச்சிலிருந்தும் வேறுபடாது, அப்புறம் அதைக் கிராமத்தான் மொழி என்று சொல்வதில் என்ன அர்த்தம்? இன்னும் மேலே போகிறார். மொழியின் சிறந்த பகுதி, மனம் தன் செயல்களைத் தானே திரும்பிப் பார்ப்பதில் உருவாவது, ஏரையும் மாட்டையும் பார்த்துக்கொண்டிருப்பதில் வருவதில்லை. கிராமத்தாரிடம் நல்ல சொற்கள் இருந்தால் அவை பைபிளிலிருந்தும் தேவாலயப் பிரசங்கத்திலிருந்தும் சொட்டியவை.

வாதமாகப் பார்த்தால் அசைக்க முடியாது. ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை. கோல்ரிட்ஜின் கிராமத்தான் வெறுமனே பார்க்கிறான், பெயர் சொல்கிறான், அத்தோடு சரி. தன் மனசைத் தானே திரும்பிப் பார்க்காத மனுஷி ஒருத்தியை நான் என் ஊரில் கண்டதில்லை.

ஜூலை 11

தூக்கம் வரவில்லை. ஆச்சி இறந்தபோது எனக்கு 11 வயது. பெரியம்மா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. அவள்தான் முதலில் ஒப்பாரியைத் தொடங்கினாள். எங்கள் வீட்டில் இருந்தது கயிற்றுக் கட்டில், அவள் பாட்டில் அது தங்கக் கட்டில். வாசலில் போட்டிருந்தது தென்னங்கீற்றுப் பந்தல், அவள் அதை முத்துப் பந்தல் என்றாள். பாடிக்கொண்டே ஆச்சியோடு தனக்கு இருந்த பழைய சண்டையையும் இழுத்தாள், அன்றைக்கு நான் ஏன் வாய் திறந்தேன் என்று தன்னையே கேட்டாள்.

மனம் தன்னைத் திரும்பிப் பார்ப்பது என்றால் அது இல்லையா? கோல்ரிட்ஜுக்கு அங்கேயே பதில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், வேர்ட்ஸ்வொர்த்துக்கும் அது இடிக்கிறது. துக்கத்தில் கிராமத்து மனசு எளிமையாகப் பேசும் என்றவர் அவர். பெரியம்மா தங்கத்தையும் முத்தையும் அல்லவா இறைத்தாள்?

இன்னொரு விஷயத்தில் அவர் சொன்னது அச்சு அசலாகச் சரி. உரைநடையும் செய்யுளும் ஒன்றே என்றால் சந்தம் எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டு ஒரு பதில் தருகிறார். தாங்க முடியாத துயரத்தைச் சந்தம் தாங்கவைக்கிறது. ரிச்சர்ட்சனின் 'கிளாரிஸ்ஸா' நாவலில் மனம் கலங்கவைக்கும் பகுதிகளுக்கு நாம் திரும்பிப் போகத் தயங்குகிறோம். ஷேக்ஸ்பியரின் மிகச் சோகமான காட்சிகளுக்கோ திரும்பத் திரும்பப் போகிறோம். காரணங்களில் ஒன்று சந்தம், சீராக வந்து போகும் சின்னச் சின்ன இன்பங்கள். பெரியம்மா அன்று வெறும் பேச்சாக அழுதிருந்தால் அந்த இரவைக் கடந்திருப்பாளா தெரியாது. இராகம் அவளைக் கைபிடித்து விடியும்வரை கூட்டிப்போனது.

ஜூலை 12

பதில் கிடைத்துவிட்டது! வேர்ட்ஸ்வொர்த் 1802-ல் முன்னுரையோடு சேர்த்த பின்னிணைப்பில் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் பாடத்திட்டத்தில் இல்லை என்று தாண்டிப்போன பக்கங்கள்.

எல்லா நாட்டிலும் ஆதிக் கவிஞர்கள் நிஜ நிகழ்ச்சிகள் எழுப்பிய உணர்ச்சியிலிருந்து எழுதினார்கள், அதனால் அவர்கள் மொழி துணிச்சலாகவும் உருவகம் நிறைந்ததாகவும் இருந்தது என்கிறார். பிறகு வந்தவர்கள் அந்த உணர்ச்சி இல்லாமலே அந்த விளைவு மட்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள், அதே அலங்காரங்களை இயந்திரம் மாதிரி எடுத்து ஒட்டினார்கள். அவர் எதிர்த்தது அந்த ஒட்டுவேலையைத்தான். தங்கக் கட்டிலோடு அவருக்குச் சண்டையே இல்லை.

நம்மிடம் இதற்குப் பழமொழியே இருக்கிறது, கூலிக்கு மாரடிப்பது. அவர் பக்கம் பக்கமாகத் திட்டிய அந்தக் 'கவிதை நடை'க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. (கூலிக்கு வந்தவர்கள் நிஜமாகவே கண்ணீர் விட்டு அழுததையும் பார்த்திருக்கிறேன். பழமொழி அவர்களுக்கு நியாயம் செய்யவில்லை.)

ஜூலை 15

காலையிலிருந்து சாரல். விடைத்தாள் கட்டு. ஒன்றும் படிக்கவில்லை.

ஜூலை 17

வேர்ட்ஸ்வொர்த்தின் தங்கை டோரதியின் நாட்குறிப்பு. அண்ணன் ஊருக்குப் போயிருந்த 1800 மே மாதத்தில், அவன் திரும்பி வந்தால் படித்து மகிழ்வான் என்று எழுதத் தொடங்கியது. கவிதை மொழியைப் பற்றிய இந்த வழக்கில் என் முக்கியச் சாட்சி இவள்தான்.

1802 ஏப்ரல் 15. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கௌபரோ பூங்காவைத் தாண்டி அண்ணனும் தங்கையும் நடந்து போகிறார்கள். பேய்க்காற்று. மரங்களுக்கு அடியில் தண்ணீரை ஒட்டி முதலில் கொஞ்சம் டாஃபோடில் பூக்கள். ஏரி விதையைக் கொண்டுவந்து கரையில் போட்டிருக்கும் என்று இருவருமாக நினைத்துக்கொள்கிறார்கள். போகப் போக இன்னும், இன்னும், கடைசியில் ஒரு சாலை அகலத்துக்கு நீண்ட பூப்பட்டை. சில பூக்கள் களைப்பில் தலையணையில் சாய்கிற மாதிரி பாசி படிந்த கல்லில் தலை வைத்திருக்கின்றன. மற்றவை ஆடித் தள்ளாடி, ஏரி மேலிருந்து வரும் காற்றோடு சேர்ந்து நிஜமாகவே சிரிப்பது போல இருக்கின்றன.

இரண்டு வருஷம் கழித்து, 1804-ல், அண்ணன் அதைக் கவிதையாக்கினார். 1807-ல் அச்சானது. கவிதையில் அவர் மேகம் போலத் தனியாக அலைகிறார், தங்கை இல்லை. பல வருஷம் இதற்காக அவர் மேல் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. அந்தக் கவிதையின் கண்ணான இரண்டு வரிகள், தனிமையின் பேரின்பமான அகக்கண்ணில் பூக்கள் மின்னுவதைச் சொல்லும் வரிகள், மனைவி மேரி தந்தவை. அவை மேரியுடையவை என்பதையும், கவிதையிலேயே அவைதான் சிறந்தவை என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். மூன்று பேர் சேர்ந்து செய்த தனிமை அது.

இன்று என்னை உட்கார வைத்தது ஒரே ஒரு சொல். 1807-ல் பூக்கள் 'சிரிக்கும்' கூட்டம். டோரதி எழுதிய அதே சொல், தெருவில் புழங்கும் சொல். 1815 பதிப்பில் அதை எடுத்துவிட்டு 'ஜோகண்ட்' (களிப்பான) என்று போட்டார். புத்தக வாசனை அடிக்கும் சொல் அது. பழைய கவிஞர் மில்டனிடம் பார்க்கலாம், சந்தைக்குப் போகிறவர் வாயில் வராது. மனிதர்கள் உண்மையில் பேசும் மொழி என்று அத்தனை பக்கம் எழுதியவரின் கை, 45 வயதில், அந்த மொழியை ஒரு சொல் அளவுக்கு விட்டுக்கொடுத்தது. முன்னுரை எழுதிய வேர்ட்ஸ்வொர்த் இந்தத் திருத்தத்தைப் பார்த்தால் அடிக்கோடு போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கு 1807 வடிவம்தான் வேண்டும்.

ஜூலை 19

அடுத்த தலைமுறைக் கவிஞர்களான ஷெல்லி, கீட்ஸ் இருவரையும் ஒரே வகுப்பில் முடிக்க வேண்டியதாயிற்று. ஷெல்லியின் 'கவிதைக்கு ஆதரவாக' கட்டுரை 1821-ல் எழுதப்பட்டது, அவர் இறந்து 18 வருஷம் கழித்து 1840-ல்தான் அச்சேறியது. 'நான் கவிதை எழுதப்போகிறேன்' என்று யாரும் உட்கார முடியாது, படைக்கும் மனம் அணையப்போகிற தணல், எங்கிருந்தோ வரும் காற்றில் ஒரு கணம் சிவக்கிறது என்கிறார். அழகுதான். ஆனால் மொழியைப் பற்றிக் கேட்டால் ஷெல்லி மேகத்தில் இருக்கிறார், வேர்ட்ஸ்வொர்த் மண்ணில் இருக்கிறார். கீட்ஸ் 1818-ல் ஒரு கடிதத்தில் மரத்துக்கு இலை வருவதுபோல இயல்பாக வராவிட்டால் கவிதை வராமலே இருப்பது மேல் என்றார். கைடில் இதுவும் இருக்கிறது.

நம் பாரதி 'ஷெல்லிதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டவர். ஆனால் 1912-ல் பாஞ்சாலி சபதத்துக்கு எழுதிய முன்னுரையில் அவர் கேட்பது எளிய பதங்கள், எளிய நடை, எளிதில் அறிந்துகொள்ளக்கூடிய சந்தம், பொதுஜனங்கள் விரும்பும் மெட்டு. பெயர் ஷெல்லியுடையது, பேச்சு வேர்ட்ஸ்வொர்த்தின் பக்கத்து வீட்டுப் பேச்சு. மெட்டையும் சேர்த்துக் கேட்டதில் பாரதி ஒரு படி மேலே என்றே சொல்வேன்.

ஜூலை 23

கடைசி வகுப்பு, 'லிரிக்கல் பேலட்ஸ்' தொகுப்பில் வேர்ட்ஸ்வொர்த் எழுதிய 'முள்மரம்' என்ற கவிதை. மலைமேல் ஒரு கிழட்டு முள்மரம், பக்கத்தில் பச்சைக்குழந்தையின் புதைகுழி அளவில் ஒரு பாசிமேடு, சற்றுத் தள்ளிச் சேற்றுக் குட்டை. சிவப்புப் போர்வை போர்த்திய மார்த்தா ரே அங்கே உட்கார்ந்து அழுகிறாள். பெற்ற குழந்தையை அவள் தூக்கில் போட்டாள் என்கிறார்கள் சிலர், குட்டையில் முக்கிக் கொன்றாள் என்கிறார்கள் சிலர். கதை சொல்வது ஓய்வுபெற்ற ஒரு கப்பல் தலைவன் மாதிரியான ஆள் என்று வேர்ட்ஸ்வொர்த்தே குறிப்பு எழுதியிருக்கிறார்.

அதில்தான் பேர்போன அந்த இரண்டு வரி: குட்டையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அளந்து பார்த்தேன், நீளம் மூன்று அடி, அகலம் இரண்டு அடி. ஊரே கேலி செய்தது. 1815-ல் நண்பர் கிராப் ராபின்சன் இதைப் பற்றிக் கேட்டபோது, அந்த வரிகள் பிடிக்கத்தான் வேண்டும் என்றாராம் வேர்ட்ஸ்வொர்த். 1820-ல் மாற்றிவிட்டார். எளிய மொழி எல்லை மீறினால் இப்படி ஆகும் என்பதற்கு உதாரணமாகத்தான் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லிவந்திருக்கிறேன். இன்றும் அப்படியே சொன்னேன்.

அதே இரண்டாவது பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"மேம், அவன் சும்மா அளக்கலையே. புள்ளையை அந்தக் குட்டையில முக்கினதா ஊர்ல பேசுறாங்கல்ல? அதுக்கு எடம் காணுமான்னுதான் அளந்து பாத்திருக்கான். எங்க தெருவுலயும் கெணத்தை எட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுவாங்க."

வகுப்பு சத்தமில்லாமல் இருந்தது. நான் புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். மூன்று அடி, இரண்டு அடி. பச்சைக்குழந்தைக்குத் தாராளமாகக் காணும்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்க ஓரத்தில் ஆறு வருஷத்துக்கு முன் பென்சிலில் எழுதியிருந்த 'தட்டை' என்ற சொல்லை அழித்தேன்.