கரயான் பக்கவாத்தியம் வாசித்த இரவு

1955 செப்டம்பர் 29 அன்று மேற்கு பெர்லினில் நடந்த ‘லூச்சியா டி லாம்மர்மூர்’ ஓபராவின் ஒலிப்பதிவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் லூச்சியாவாகப் பாடிய மரியா காலாஸைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் நான் கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசித்தே வாழ்ந்தவள். என் காது அந்தப் பதிவில் முதலில் போய் நிற்பது இசைக்குழுவை நடத்திய ஹெர்பர்ட் ஃபான் கரயானிடம். அன்றைக்கு அவர் செய்தது பக்கவாத்தியம், அதுவும் உயர்ந்த பக்கவாத்தியம் என்பது என் கட்சி.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஸ்காட்லாந்தில் இரண்டு பகைக் குடும்பங்கள். லூச்சியா எதிரி வீட்டு எட்கார்தோவைக் காதலிக்கிறாள். அண்ணன் என்ரிக்கோ ஒரு பொய்க் கடிதத்தைக் காட்டி அவளை வேறொருவனுக்குக் கட்டிவைக்கிறான். முதலிரவில் அவள் கணவனைக் குத்திக் கொன்றுவிட்டு, சித்தம் கலங்கி, விருந்தினர் நடுவே வந்து நின்று பாடுகிறாள். அவள் இறந்த செய்தி கேட்டு எட்கார்தோவும் தன்னைக் குத்திக்கொள்கிறான். வால்டர் ஸ்காட்டின் நாவலை வைத்துக் கம்மரானோ எழுதிய பாடல்களுக்கு டோனிசெட்டி இசையமைக்க, 1835-இல் நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்கில் அரங்கேறியது.

பெர்லினுக்கு வந்தது மிலானின் லா ஸ்காலா குழு. முந்தைய ஆண்டு அங்கே கரயானே இசையையும் மேடையையும் சேர்த்து நடத்திய தயாரிப்பு அது. பாடகர்களும் கோரஸும் இத்தாலியிலிருந்து வந்தார்கள். இசைக்குழு மட்டும் உள்ளூர் ரேடியோவினுடையது, அமெரிக்கப் பகுதி ரேடியோவான ரியாஸின் சிம்ஃபனி குழு. நகரத்தின் ஓபரா அரங்கு போரில் குண்டு விழுந்து சிதைந்திருந்ததால் நிகழ்ச்சிகள் கான்ட் தெருவிலிருந்த தியேட்டர் டெஸ் வெஸ்டென்ஸில் நடந்துகொண்டிருந்தன. இதே இசைக்குழு 1953-இல் ஃபிரிச்சாய் தலைமையில் இதே ஓபராவை ஜெர்மன் மொழியில் ரேடியோவுக்காகப் பதிவு செய்திருக்கிறது. ஆகவே இசை அவர்களுக்குப் புதிதல்ல. இந்தப் பாடகிதான் புதிது. பழக்கமில்லாத பாடகருக்கு வாசிப்பது எப்படிப்பட்ட வேலை என்பது என் போன்றவர்களுக்குத் தெரியும். அடுத்த சங்கதி எங்கே போகும் என்று தெரியாது; தெரிந்தவர்போல வாசிக்கவும் கூடாது.

இந்தப் பதிவு எனக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்ல வேண்டும். மும்பை மாட்டுங்காவில் ஐந்து தோட்டங்களைத் தாண்டினால் தாதர் பார்ஸி காலனி. இந்தப் பக்கம் ஆஸ்திக சமாஜத்துக்குப் போகிறவர்கள், அந்தப் பக்கம் பீத்தோவன் கேட்கிறவர்கள் என்று பல தலைமுறைகளாக அடுத்தடுத்து வாழ்கிறோம். அங்கே ஒரு பெரியவர். ரிதம் ஹவுஸ் இசைத்தட்டுக் கடை மூடப்படும் வரை காலா கோடாவுக்குப் போவதை அவர் நிறுத்தியதில்லை. சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழைய இசைத்தட்டுகளைத் தூசி தட்டி எடுத்து வருவார். சண்முகானந்தாவில் என் வாசிப்பைக் கேட்டுவிட்டு அறிமுகமானவர். அவரிடம் இந்த பெர்லின் நிகழ்ச்சியின் பழைய எல்.பி. தட்டுகள் இருந்தன. ரேடியோவில் போனதை யாரோ அனுமதியில்லாமல் அச்சடித்து விற்றது. அந்தக் காலத்தில் இந்த நிகழ்ச்சி அப்படித்தான் உலகம் சுற்றியது.

“குரல் மெலிந்துவிட்டது. உடம்பு இளைத்ததும் குரலும் போய்விட்டது” என்பது அவருடைய தீர்ப்பு. காலாஸைப் பற்றி ஐரோப்பாவிலும் இதே பேச்சு உண்டு. நான் தட்டைக் கேட்ட உடனே சுருதிப் பெட்டியை எடுத்தேன். சித்தம் கலங்கும் காட்சியை டோனிசெட்டி எழுதியது எஃப் மேஜரில், நம் சுருதிக் கணக்கில் நான்கு கட்டை. உச்ச ஸ்தாயியில் பாடகிகள் ஒரு பெரிய ஸ்வரத்தை நிறுத்திக் காட்டுவதற்காக நாளடைவில் அதை ஈ-ஃப்ளாட்டுக்கு இறக்கிவிட்டார்கள், அதாவது இரண்டரைக் கட்டை. காலாஸும் அதில்தான் பாடுகிறார். ஆனால் பெரியவரின் தட்டில் அது கிட்டத்தட்ட மூன்று கட்டையில் ஒலித்தது. ஐரோப்பிய இசைக்குழுக்கள் 440 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே சுருதி சேர்ப்பதுண்டு. அதைக் கழித்தாலும் இவ்வளவு வராது. தட்டு வேகமாக ஓடும்படி அச்சடிக்கப்பட்டிருந்தது.

அரைக் கட்டை ஏறினால் வேகம் சுமார் 6 சதவீதம் ஏறியிருக்கிறது என்று பொருள். இரண்டு மணி நேர நாடகத்தில் ஏழு நிமிடம் காணாமல் போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு குரலில். வேகம் கூடினால் குரலின் கனம் குறையும், நாதம் ஒடுங்கும், கார்வையில் இருக்கும் அசைவு படபடவென்று துடிக்கும். முப்பத்தொரு வயதுப் பாடகியின் அடர்ந்த குரல் வேறொருத்தியின் கீச்சுக் குரலாகிவிடும். பிறகு ‘குரல் மெலிந்துவிட்டது’ என்று எழுதுவார்கள். மேடை ஒலிப்பதிவு ஒன்றை மதிப்பிட உட்காரும் எவரும் முதலில் சுருதியைச் சரிபார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். இரைச்சலையும் இருமலையும் காது தானே ஒதுக்கிவிடும். சுருதி மாறினால் காதுக்குத் தெரியாமலே ஆள் மாறிவிடுகிறார்.

2017-இல் வார்னர் நிறுவனம் காலாஸின் 1949 முதல் 1964 வரையிலான மேடைப் பதிவுகளைச் செப்பனிட்டு ஒரே தொகுப்பாக வெளியிட்டது. அதில் இந்த பெர்லின் இரவும் இருக்கிறது. சுருதியும் இரண்டரைக் கட்டைக்கு வந்து உட்கார்கிறது. பெரியவரும் நானும் அதை அவர் வீட்டில் ஒரே ஸ்பீக்கரில் கேட்டோம். ஒரே தடத்தில் பதிவான மோனோ பதிவை ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும். ஒலி ஒரே இடத்திலிருந்து வரும்போது பாடகி மைக்கை நோக்கி நடந்து வருவதும் திரும்பிப் போவதும் துல்லியமாகத் தெரிகிறது. குரல் கனத்துடன் வந்ததும் பெரியவர் எழுந்து ஸ்பீக்கருக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இனி அந்தக் காட்சி. கோரஸ் திகைத்து நிற்கிறது. புல்லாங்குழல் தனியாக அலைகிறது. ‘இல் தோல்ச்சே ஸுவோனோ’ என்று காலாஸ் தொடங்குகிறார். எட்கார்தோவின் குரல் காதில் விழுந்ததாக அவளுக்குத் தோன்றுகிறது. இவ்வளவு பெரிய அரங்கில் எவ்வளவு சின்னதாகத் தொடங்குகிறார் என்று கவனியுங்கள். சபைக்காகப் பாடவில்லை, யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிறார். முதல் அங்கத்தில் காதலர் இருவரும் விடைபெறும்போது பாடிய ‘வெர்ரான்னோ ஆ தே’ மெட்டு இசைக்குழுவில் மெல்ல எட்டிப் பார்க்கிறது. உடனே அவள் அலறுகிறாள்: நீரூற்றின் ஆவி நம்மைப் பிரிக்கிறது! அந்த ஆவியின் கதையை முதல் அங்கத்தில் ‘ரெக்னாவா நெல் சிலென்ஸியோ’ பாட்டில் அவளே சொல்லியிருக்கிறாள். அங்கேயே காலாஸின் குரலில் ஒரு நிழல் விழுந்துவிட்டது. பைத்தியம் மூன்றாம் அங்கத்தில் திடீரென்று வந்ததல்ல என்று முன்கூட்டியே காட்டிவிடுகிறார். நல்ல பாடகர் ஒரு பெரிய ராகத்தை எடுப்பதற்கு முன்பே கச்சேரியின் போக்கில் அதற்கு இடம் செய்துவைப்பதை நாம் கேட்டிருக்கிறோம்.

பிறகு கல்யாணக் கனவு. தூபம் எரிகிறது, பூசாரி வருகிறார் என்று மெதுவான தாளத்தில் பாடிக்கொண்டே போய் ‘அல்ஃபின் ஸோன் துவா’, கடைசியில் நான் உன்னுடையவள் என்று சொல்லும் இடம். காலாஸ் அந்த வரியை நீட்டுகிறார். தாளத்தை உடைக்காமல், ஆனால் தாளத்துக்குள் அடங்காமல். இங்கேதான் கரயானைக் கேட்க வேண்டும். வயலின்கள் காலாஸுக்காக நின்று காத்திருக்கவில்லை. நின்றால் பாட்டின் நாடி நின்றுவிடும். முந்திக்கொண்டு போகவும் இல்லை. நடை பழகும் குழந்தைக்குப் பின்னால் தொடாமல் இரு கையையும் நீட்டிக்கொண்டே தாய் நடப்பாளே, அப்படி நடக்கிறது இசைக்குழு. அவர் மூச்சு எடுக்கும் இடத்தில் அதுவும் மூச்சு எடுக்கிறது. அவர் அடுத்த ஸ்வரத்தில் இறங்கும்போது கீழே ஸ்வரம் தயாராக விரிந்திருக்கிறது. சர்வாதிகாரி என்று பெயர் வாங்கிய கரயானின் பிற்காலப் பதிவுகளில் எத்தனையோ முறை தேடியும் இந்தப் பணிவு எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து குரலும் புல்லாங்குழலும் தனியே உரையாடும் கடென்ஸா. இது டோனிசெட்டி எழுதியதல்ல. 1889-இல் பாரிஸில் நெல்லி மெல்பா பாடியபோது சேர்ந்தது. டோனிசெட்டி இந்தக் காட்சிக்கு முதலில் நினைத்தது கண்ணாடி ஹார்மோனிகா என்ற வாத்தியத்தை. பிறகு எழுதியதைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புல்லாங்குழலுக்கு மாற்றினார். பல பாடகிகள் இந்த இடத்தில் பிருகா போட்டிக்கு இறங்கிவிடுகிறார்கள். காலாஸ் குழலைக் கேட்கிறார். அது வாசித்து முடித்த பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டுப் பதில் சொல்கிறார். குழலை எட்கார்தோ என்றே நம்புகிற பெண் அப்படித்தான் செய்வாள்.

மேல் ஸ்வரம் எவ்வளவு நேரம் நின்றது, ஆடியதா என்று அளப்பவர்களுடன் எனக்குச் சண்டையில்லை. ஆனால் என்னிடம் வயலின் கற்கும் ஒரு பெண் கேட்ட கேள்வி அதைவிட நல்ல கேள்வி. “மாமி, இந்தக் குரல் அழகாகவே இல்லையே?” என்றாள். உண்மை. நடு ஸ்தாயியில் ஒரு கரகரப்பு, மேலே ஒரு கூர்மை, இரண்டும் சேருமிடத்தில் ஒரு தட்டல். செம்மங்குடியின் குரல் அழகா என்று நான் திருப்பிக் கேட்டேன். அடைத்த மூக்கோடு அவர் பாடிய கரகரப்ரியாவுக்கு முன்னால் எத்தனை இனிய குரல்கள் நிற்கும்? அவள் யோசித்தாள். மறுபடி போடச் சொன்னாள்.

இந்தப் பதிவில் எனக்கு மனத்தாங்கலும் உண்டு. இரண்டாம் அங்கத்தில் எட்கார்தோ திருமண மண்டபத்துக்குள் புகுந்ததும் ஆறு பேரும் உறைந்து நின்று பாடும் ‘கி மி ஃப்ரேனா’ வருகிறது. முடிந்ததும் கரவொலி அடங்கவில்லை. கரயான் அதே பகுதியை மீண்டும் நடத்தினார். நம் பழைய நாடக மேடையிலும் இதே வழக்கம்தான். கிட்டப்பா ‘ஒன்ஸ்மோர்’ வாங்காத இரவு ஏது? போர் முடிந்து பத்தாண்டுகளே ஆன நகரத்தின் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாடகம் என்ற முறையில் இது தவறு என்றே நினைக்கிறேன். கோபத்தின் உச்சியில் நிற்கும் ஆறு பேர் அந்தக் கோபத்தை இறக்கிவைத்துவிட்டு மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. இன்னும் மிகக் கடினமான அங்கம் ஒன்று பாக்கியிருக்கும்போது பாடகியின் குரலைச் செலவழிப்பதும் நல்ல பக்கவாத்தியக்காரர் செய்யும் காரியமல்ல. அந்த இரவு முழுவதும் காலாஸின் மூச்சுக்கு அடங்கி நடந்த கரயான் இந்த ஓர் இடத்தில் சபைக்கு அடங்கிவிட்டார்.

மற்றவர்களில் எட்கார்தோவாகப் பாடிய ஜுசெப்பே டி ஸ்டெஃபானோவைச் சொல்லாமல் விடக்கூடாது. மேலே போகும்போது குரலைத் திறந்து வீசுகிறார், அதில் ஒரு சிரமம் கேட்கிறது. ஆனால் சொற்களை அவர் உச்சரிப்பதைக் கேட்டால் இத்தாலி மொழி தெரியாதவர்களுக்கும் அவன் என்ன இழந்தான் என்று புரியும். கதாநாயகி போய்விட்ட பிறகு, மயானத்தில் தனியாக நின்று ஒரு முழுக் காட்சியைத் தாங்குவது சுலபமல்ல, தாங்குகிறார். பனேராயின் என்ரிக்கோ முரட்டு அண்ணன். மதகுரு ரைமொண்டோவாக வரும் ஸக்காரியா நிதானமானவர்.

எட்கார்தோவும் என்ரிக்கோவும் கோபுரத்தில் மோதிக்கொள்ளும் காட்சியை அந்தக் கால வழக்கப்படி வெட்டிவிட்டார்கள். அதனால் மூன்றாம் அங்கம் திடுக்கென்று தொடங்குகிறது. முழு நாடகம் வேண்டுபவர்கள் பிற்காலப் பதிவுகளுக்குப் போக வேண்டும்.

காலாஸின் மற்ற லூச்சியாக்களோடு வைத்துப் பார்த்தால்? 1952 ஜூனில் மெக்சிகோவில் முதன்முதலாக இந்தப் பாத்திரத்தைப் பாடிய பதிவில் குரல் பொங்குகிறது, ஆனால் ஒலி பரிதாபம். 1953-இல் ஸெராஃபின் நடத்த ஃபுளோரன்ஸில் ஸ்டூடியோவில் பதிவானது குரலின் செழிப்புக்காகக் கேட்க வேண்டியது; கோபியின் என்ரிக்கோ அதில் தனி லாபம். 1959 ஸ்டீரியோ பதிவில் ஒலி நன்றாக இருக்கிறது, குரல் களைத்திருக்கிறது. எனக்கு ஒன்றுதான் என்றால் பெர்லின்.

முதல்முறை கேட்பவர்கள் நேராகச் சித்தம் கலங்கும் காட்சிக்குத் தாவ வேண்டாம். முதல் அங்கத்தில் தனி ஹார்ப் வாசிப்பு ஒன்று வரும். அங்கிருந்து தொடங்கி நீரூற்றுப் பாட்டையும் காதலர் விடைபெறுவதையும் கேட்டுவிட்டு, பிறகு மூன்றாம் அங்கத்துக்குப் போகலாம். பழைய தட்டோ, யாரோ ஏற்றிவைத்த நகலோ கையில் இருந்தால், கேட்கத் தொடங்கும் முன் சுருதிப் பெட்டியை இரண்டரைக் கட்டையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.