கூப்பர் தீவின் கில்லிமாட்டுகள்

அலாஸ்காவின் வடகோடியில் கூப்பர் தீவு. ஆள் குடியில்லாத சரளைக்கல் திட்டு. கடற்படை விட்டுப்போன மரப்பெட்டிகளுக்கு அடியில் கறுப்பு கில்லிமாட் பறவைகள் முட்டையிட்டிருப்பதை 1972-இல் பறவை ஆய்வாளர் ஜார்ஜ் டிவோக்கி பார்த்தார். 1975-இல் தொடங்கி, கோடைதோறும் அங்கேயே தங்கிக் குஞ்சுகளை எடைபோட்டுக் குறித்துக்கொண்டே இருந்தார். ஒரே தீவுக்காக ஒரு ஆயுள்! எவ்வளவு பெரிய மனசு வேண்டும் அதற்கு.

1980-களின் கடைசியில் இருநூறு ஜோடிக்கு மேல் இருந்தன. கடற்பனி கரையை விட்டு விலக விலக, பனிக்கடியில் கிடைக்கும் ஆர்க்டிக் காட் மீன் எட்டாமல் போனது. குஞ்சுகள் பட்டினியில் செத்தன. பனியில்லாமல் கரையேறிய துருவக்கரடிகள் கூடுகளைப் புரட்டிப்போட்டுத் தின்றன. கரடியால் திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டிகளைக் கூடுகளாக டிவோக்கி வைத்தார், குஞ்சுகள் தப்பின. கரடிக்குப் பெட்டி வைக்கலாம். மீனுக்கு என்ன செய்வது? நினைத்தாலே மனசு ஆறமாட்டேன் என்கிறது.