மஸ்கட் நாட்குறிப்பு: மார்ச்

மார்ச் 2
வறண்ட நாடு ஒன்றின் நிலவமைப்பு பற்றிக் கட்டுரை தர வேண்டும். ராஜஸ்தானை எடுத்துக்கொண்டால் நூல்கள் நிறையக் கிடைக்கும் என்கிறார் பேராசிரியர். ஜன்னலைத் திறந்தாலே மொட்டை மலை முகத்தில் இடிக்கிறது; நான் எதற்குத் தார் பாலைவனத்துக்குப் போக வேண்டும்? ஓமான்தான். என் கணவர் வேலை சைட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மார்ச் 3
மஸ்கட்டின் ரூவிப் பகுதியைச் சுற்றி நிற்கும் இந்தக் கறுத்த குன்றுகளை இத்தனை காலம் வெறும் குப்பைப் பாறை என்று நினைத்திருந்தேன். பழைய கடலடித் தரையும் அதற்குக் கீழே இருந்த புவியின் கவசப் பாறையும் இவை. ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாகி, பிறகு அரேபிய நிலத்தின் விளிம்பில் ஏற்றிவிடப்பட்டவை. பெரும்பாலான இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் துளையிட்டாலும் எட்டாத பாறை, இங்கே பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் கிடக்கிறது. ஒரு துண்டை எடுத்து வந்தேன். வெளிப்புறம் துருப்பிடித்த பழுப்பு. உடைந்த முகத்தில் கரும்பச்சை. தடவினால் சோப்புக்கட்டியின் வழுவழுப்பு.

மார்ச் 4
போன் இல்லை. அங்கே சிக்னல் கிடைக்காது என்பது தெரிந்ததுதான்.

மார்ச் 5
போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவோடு பிர்கத் அல் மவுஸ் என்ற ஊருக்குப் போனது நல்லதாயிற்று. அங்கே பார்த்த கத்மைன் வாய்க்காலைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். மலையடிவாரத்தில் தாய்க்கிணறு தோண்டி, நிலத்தடி நீரை மெல்லிய சரிவில் சுரங்கம் வழியே ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். பம்பு கிடையாது, எல்லாம் சரிவின் வேலை. கத்மைனின் நீர் மூன்று சம வாய்க்கால்களாகப் பிரிகிறது. குனிந்து பார்த்தேன். எந்த வாய்க்கால் பெரியது என்று சொல்ல முடியவில்லை. ஃபலஜ் என்னும் இத்தகைய வாய்க்கால்களில் ஐந்தை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கத்மைன் அதில் ஒன்று.

தண்ணீரை இங்கே நேரத்தால் பங்கிடுகிறார்கள். 'அதர்' என்றால் ஏறத்தாழ அரை மணி நேரம். பழைய முறையில், பகலில் நட்ட கம்பின் நிழலைப் பார்ப்பார்கள், இரவில் நட்சத்திரங்களை. எங்கள் ஊரில் முறைத்தண்ணீருக்காக மண்வெட்டியோடு வரப்பில் நின்றவர்களை எனக்குத் தெரியும். இங்கேயும் சண்டை நடக்காமலா இருந்திருக்கும்?

மார்ச் 6
காற்றழுத்தத் தாழ்வு வருகிறதாம். வாதிகளை, அதாவது காய்ந்த ஆற்றுப்படுகைகளை, கடக்க வேண்டாம் என்று போலீஸ் எச்சரிக்கை. இவர் நாளை மாலை கிளம்புவார்.

மார்ச் 7
இவர் வரும் வழி: ஹைமா, ஆதம், நிஸ்வா, சமாயில், மஸ்கட். வரைபடத்தில் இந்தச் சாலையை விரலால் எத்தனை முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஆதம் வரைக்கும் சரளைச் சமவெளி. பிறகுதான் மலை.

இந்த நாட்டைச் செதுக்கியதில் தண்ணீருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். மலையில் பெரும்பகுதி மண்ணும் மரமும் இல்லாத பாறை. விழுகிற மழையைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. ஜபல் அக்தர் மலையில் கொட்டினால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்த ஆற்றுப்படுகையில் வெள்ளம் வந்துவிடும். சாலை தாழும் இடங்களில் சிவப்பு வெள்ளைக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் கடக்கக் கூடாது. போன வாரம் ஒரு வாதியில் வேல மரம் ஒன்றைப் பார்த்தேன். என் தலைக்கு மேலே, கிளையில் காய்ந்த புல்லும் பிளாஸ்டிக் பையும் ஒரு குழந்தைச் செருப்பும் சிக்கியிருந்தன. அந்தச் செருப்பைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அத்தை போன் செய்தார். "பாலைவனத்தில் என்ன வெள்ளம்? சும்மா பயமுறுத்தாதே அம்மா" என்றார். சரி அத்தை.

மார்ச் 8, விடியற்காலை
இல்லை.

மார்ச் 8, பகல்
ஆதமில் இருக்கிறாராம்! மலைப்பாதையை மூடிவிட்டதால், பெட்ரோல் பங்கில் லாரிக்காரர்களோடு டீ குடித்துக்கொண்டிருக்கிறாராம். "வடிந்ததும் வருகிறேன், நீ படி" என்கிறார். படிக்கிறேன், படிக்கிறேன்.

கோபத்தில், நாட்டின் தெற்கே உள்ள தோஃபார் பற்றிய பகுதியை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். குற்றாலத்தில் சாரல் விழும் அதே மாதங்களில், அதே தென்மேற்குப் பருவக்காற்று அங்குள்ள சலாலா நகரையும் நனைக்கிறது. அந்தக் காற்றால் கரையோரக் கடலின் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அதைத் தொட்டு வரும் ஈரக்காற்று மூடுபனியாகி மலைச்சரிவில் தங்குகிறது. மேலே இருக்கும் வெப்பக்காற்று அதை எழவிடாது. இலைகள் பனியைப் பிடித்துச் சொட்டவிடுவதால், மழைமானி காட்டுவதைவிட அதிக நீர் மரத்தடிக்குக் கிடைக்கிறது. மரத்தை வெட்டினால் அந்தத் தண்ணீரும் போச்சு. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் சாம்பிராணி மரமும் வறட்சியும்தான்.

மார்ச் 9
மறுபடியும் மழை. மணற்குன்றுகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. வஹீபா மணற்பரப்பின் வரைபடத்துக்கு இன்னும் அளவுகோல் போட வேண்டும். சாலை திறந்துவிட்டதா என்று அக்காவின் கணவர் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.