கோயில் இருக்கு, சாமி இல்லை: இன்ஃபார்ம் படிக்க எதில் தொடங்குவது

ஆறு இருக்கு தண்ணி இல்லை, கோட்டை இருக்கு ராஜா இல்லை, கோயில் இருக்கு சாமி இல்லை. வேலூரைப் பற்றிய பழைய கிண்டல். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் சாமி வந்துவிட்டார். கிண்டல் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை.

எழுத்தாலேயே ஆடும் சாகச விளையாட்டுகளை எழுதும் மொழி இன்ஃபார்ம். அதில் முதல் விளையாட்டை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படியொரு ஊரைத்தான் கட்டுகிறார்கள். ‘அகழித் தண்ணீர் பச்சை பிடித்துக் கிடக்கிறது, மதில்மேல் ஒரு பீரங்கி’ என்று இடத்தை வர்ணித்துவிட்டு, அகழியையும் பீரங்கியையும் பொருளாக அறிவிக்காமல் விட்டுவிடுவார்கள். ஆடுகிறவர் பீரங்கியைப் பார்க்கப் போனால் ‘அப்படி எதுவும் இங்கே இல்லை’ என்று பதில் வரும். வர்ணனையில் வரும் பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் வேண்டும். நகர்த்த முடியாததை ‘சீனரி’ என்று அறிவித்தால் போதும்.

இன்ஃபார்மைக் கிரஹாம் நெல்சன் 1993-ல் வெளியிட்டார். இன்று புழக்கத்தில் இருப்பது இரண்டு: இன்ஃபார்ம் 6, 2006-ல் வந்த இன்ஃபார்ம் 7. பெயர்தான் ஒன்று, எழுத்துமுறை வேறு வேறு. 6 வழக்கமான நிரல்மொழி. 7-ல் ஆங்கில வாக்கியமே நிரல். இணையத்தில் தேடினால் இரண்டுக்கும் உரிய நிரல் துணுக்குகள் கலந்தே வரும், புதியவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். 6-ல் சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது செயல்நிரல். 7-ல் மேற்கோளுக்கு வெளியே அதே அடைப்புக்குறிக்குள் இருப்பது வெறும் குறிப்புரை. 6-ன் துணுக்கை 7-ல் ஒட்டினால் உள்ளே இருப்பது எதுவும் ஓடாது.

ஆங்கிலத்தில் விளையாட்டு எழுதுவதானால் 7 போதும். செயலியிலேயே ‘ரைட்டிங் வித் இன்ஃபார்ம்’, ‘ரெசிபி புக்’ என்று இரண்டு கையேடுகள் உள்ளன. முதலாவதை வரிசையாகப் படித்தால் பாதியில் சோர்ந்துவிடும். 2, 3, 7, 8 ஆகிய அத்தியாயங்களை முதலில் முடித்து, பிறகு 12-க்குத் தாவுங்கள், மற்றவை தேவைப்படும்போது. ரெசிபி புக் சமையல் குறிப்பு மாதிரி: பூட்டும் கதவு வேண்டும் என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் திறந்தால் போதும். எடுத்துக்காட்டுகளைக் கையேட்டில் உள்ள ஒட்டும் பொத்தானால் மட்டும் எடுங்கள். 7-ல் விதிகளின் உள்தள்ளலுக்கு டேப் வேண்டும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது டேப் பல சமயம் வெற்றிடங்களாக மாறிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், நிரலைத் தொகுக்கும் கம்பைலர் ஏற்காது.

அடுத்து, ரோஜர் ஃபிர்த்தின் ‘க்ளோக் ஆஃப் டார்க்னஸ்’ என்ற குட்டி விளையாட்டு. மூன்றே இடங்கள், ஒரு மேலங்கி, ஒரு கொக்கி, ஒரு செய்தி. மேலங்கியோடு மதுக்கூடத்துக்குள் போனால் இருட்டு. இருட்டில் தடுமாறினால் தரையில் இருக்கும் செய்தி கலைந்துவிடும். இதைப் பல நிரல்மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். 6-லும் 7-லும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மாலையில் வித்தியாசம் புரிந்துவிடும். இதை எழுதிப் பார்க்காமல் வேலூர்க் கோட்டை முழுவதையும் வரையத் தொடங்காதீர்கள். 1806 சிப்பாய்ப் புரட்சி காத்திருக்கும்.

தமிழிலேயே விளையாட்டு எழுத வேண்டும் என்றால் 6-க்கு வாருங்கள். முதலில் ‘பிகினர்ஸ் கைடு’. ஹைடி, வில்லியம் டெல், கேப்டன் ஃபேட் என்று மூன்று விளையாட்டுகளைக் கட்டிக் காட்டியே சொல்லிக்கொடுக்கும். அதன்பின் ‘டிசைனர்ஸ் மேனுவல்’ நான்காம் பதிப்பு. அதில் ஐந்தாம் அத்தியாயம் இயல்மொழி பற்றியது. தமிழ் எழுதுகிறவருக்கு உயிர்நாடி அதுதான்.

தொகுத்த விளையாட்டை ஓட்டும் மெய்நிகர் இயந்திரங்கள் இரண்டு: பழைய இசட்-மெஷின், அதைவிடப் புதிய குளக்ஸ். இசட்-மெஷினுக்குத் தொகுத்தால் அகராதிச் சொல் ஒன்றுக்கு, அதாவது விளையாட்டுக்குத் தெரிந்த சொல் ஒன்றுக்கு, 9 இடம். அதன் எழுத்து அட்டவணையில் இல்லாத ஒவ்வொரு குறியும் 4 இடத்தைத் தின்னும். ‘வி’ என்பதே வ, இகரக் குறி என்று இரண்டு குறி. 8 இடம் அதிலேயே காலி. விளக்கு, விசிறி, விறகு மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். அட்டவணையை மாற்றி ஓரளவு ஒப்பேற்றலாம். அந்த வம்பு வேண்டாம். நேராகக் குளக்ஸுக்குத் தொகுத்து, அகராதி எழுத்தின் அளவை 4 பைட்டாக்கி, சொல்லின் நீளத்தை 9-லிருந்து 20-க்கு ஏற்றுங்கள். ஏற்றாவிட்டால் ‘சாவிக்கொத்து’ 9 குறியிலேயே அறுபடும்.

இன்னொரு கண்ணி ‘கொ’. க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் தட்டலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. அகராதிக்கு அவை வேறு சொற்கள். உள்ளீடு வந்ததும் இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும்.

வினை நம் மொழியில் கடைசியில் வரும், ஆடுகிறவர் தட்டும் கட்டளையைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பார்சர் அதை முதலில் எதிர்பார்க்கும். ‘லாங்வேஜ் டூ இன்ஃபார்மீஸ்’ என்ற செயல்நிரல், இன்ஃபார்ம் 6-உடன் வரும் ஆங்கில மொழிக் கோப்பில் வெறுமையாகவே இருக்கிறது. கடைசிச் சொல்லை முன்னால் நகர்த்தும் வேலையை அங்கே எழுதுங்கள். ‘சாவியால் பெட்டியைத் திற’ என்பதில் ஆல் உருபைப் பிரித்து, ஆங்கில முன்னிடைச்சொல்லின் இடத்தில் வைக்க வேண்டும்.

உருபு மட்டும் போதாது, சந்தியும் உண்டு. ‘கதவைத் திற’ என்று ஒழுங்காக எழுதுகிறவருக்குத்தான் ‘புரியவில்லை’ என்று பதில் வரும். ‘கதவை திற’ என்று தப்பாக எழுதுகிறவருக்குக் கதவு திறக்கும். இலக்கணம் படித்தவருக்குத் தண்டனை! சொல்லின் கடைசியில் க், ச், த், ப் வந்து, அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்கினால், அந்த ஒற்றெழுத்தை வெட்டிவிட்டுப் பிறகு அகராதியில் தேடுங்கள். அடுத்த சொல்லைப் பார்க்காமல் வெட்டக் கூடாது. ‘புக்’, ‘கேக்’ போன்றவற்றின் வாலும் போய்விடும். ‘கேக் கொடு’ மட்டும் இதற்கும் தப்பாது. ஆகவே சொல் முழுசாக அகராதியில் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் வெட்டுங்கள்.