மெதுவாகப் பேசுபவர்களின் குரல்

1980-களின் கடைசியில், இரண்டு தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே புதிதாகப் போட்ட 30 சேனல் பி.சி.எம். கருவி என் பொறுப்பில் இருந்தது. கேபிள் பழையதுதான். ஆனால் அதில் இரண்டே ஜோடிக் கம்பியில் 30 பேச்சுகள் போயின. பி.சி.எம். என்பது குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட் எண்ணாக்கி அனுப்பும் முறை.

ஒருநாள், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். "சார், பதினாலாம் சேனல்ல சத்தமாப் பேசுறவங்க நல்லாத்தான் கேக்குது. மெதுவாப் பேசினா மட்டும் கரகரங்குது."

முதலில் இரைச்சலை அளந்தேன். ஒன்றும் இல்லை. யாரும் பேசாதபோது லைன் சுத்தமாகத்தான் இருக்கும். இந்தக் கரகரப்பு குரலோடு வந்து குரலோடு போய்விடும். சரி, ஒரே சுருதியில் ஒலிக்கும் டோன் விட்டு, மறுமுனையில் அந்த டோனை மட்டும் வடிகட்டிவிட்டு மிச்சத்தை அளக்கலாம் என்று, பி.சி.எம். வருவதற்கு முந்தைய கேரியர் கருவிகளின் காலப் பழக்கத்தில் 1000 ஹெர்ட்ஸ் வைத்தேன். மீட்டர் முள் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது.

பக்கத்தில் நின்ற சீனியர் கேட்டார்: "எட்டாயிரத்தை ஆயிரத்தால வகுத்தா என்னப்பா வரும்?"

எட்டு. அலையின் அதே எட்டு இடங்களைத்தான் கருவி திரும்பத் திரும்ப அளக்கிறது. 8 பிட் எண் தரும் 256 படிகளில் ஒரு சிலதான் சோதனைக்கு வருகின்றன. டோன் துளி பிசகினாலும் அந்தச் சில படிகள் மாறிவிடும், முள்ளும் கூடவே நகரும். அவர் குமிழை 1020-க்குத் திருப்பினார். இப்போது அலையின் 400 வெவ்வேறு இடங்களைத் தொட்ட பிறகுதான் வரிசை திரும்ப வரும். முள் அசையாமல் நின்றது. இருபது ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம்! அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்புறம் டோனின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தோம். மைனஸ் 30 டெசிபல் வரை குறையில்லை. மைனஸ் 40-ல், சி.சி.ஐ.டி.டி. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் வரம்புப்படி, டோன் அந்த மிச்சத்தைவிட 27 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும், இருபதைக்கூடத் தொடவில்லை. குரலின் அளவைப் படிகளாகப் பிரிக்கும் ஏ-லா முறையில் பூஜ்யத்தை ஒட்டிய படிகள் மிக நுணுக்கமானவை. மெல்லிய குரலுக்கென்றே அப்படி வைத்தது. அந்தச் சேனலின் சர்க்யூட் கார்டில் பூஜ்யமே நகர்ந்துவிட்டிருந்தது. மெல்லிய குரல் போய்ப் பெரிய படிகளில் விழுந்துகொண்டிருந்தது.

கார்டை மாற்றிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அந்த முனையில் ஒருவரை மெதுவாகப் பேச வைத்துக் கேட்டார்.

"மூச்சு விடுறதுகூடக் கேக்குது சார்."